நாலு கிலோ பாக்கி

2018 டிசம்பர் மூன்றாவது வாரத்தில் கடைக்கு ஓர் ஆர்டர் வந்தது. பத்துக்கு ஆறு ஃப்ளெக்ஸ். தலைப்பு, ‘இவ்வாண்டு நம்மைப் பிரிந்த ஆளுமைகளுக்கு அஞ்சலி’. பன்னிரண்டு பேரின் படம், பெயர், தோற்றம், மறைவு. டிசம்பர் 30 ஞாயிற்றுக்கிழமை மாலை கூட்டம், மேடைக்குப் பின்னால் கட்ட வேண்டும். கேட்டது ஊரில் இருக்கும் ஒரு மன்றம். பெயர் வேண்டாம், நல்ல மனிதர்கள், இன்றும் எனக்கு வேலை தருகிறவர்கள். ஆனால் அந்த ஃப்ளெக்ஸ் மட்டும் இத்தனை வருடமாகியும் என் மனதைவிட்டு இறங்கவில்லை. எழுதினால் இறங்குமோ என்றுதான் உட்கார்ந்திருக்கிறேன்.

திருச்சியில் டிடிபி, டிசைன் கடை வைத்திருக்கிறேன். கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து, கட்சி போஸ்டர் எல்லாம் உண்டு. ஆனால் வருடம் முழுக்கக் கடையை ஓட்டுவது கண்ணீர் அஞ்சலிதான். கல்யாணத்துக்கு ஒரு வாரம் டைம் கொடுப்பார்கள், சாவுக்கு ஒரு மணி நேரம். வீட்டில் தனிப்படம் இருக்காது. யாரோ ஒருவரின் கல்யாணத்தில் எடுத்த குரூப் போட்டோவைக் கொண்டுவருவார்கள். பத்துப் பேர் நடுவில் நிற்கும் பாட்டியை மட்டும் கட் பண்ணி எடுக்க வேண்டும். பெரும்பாலும் அவர் தோளில் இன்னொருவர் கை கிடக்கும். அந்தக் கையை அழித்து, அந்த இடத்தில் சேலையை நிரப்ப வேண்டும். முதல் சில வருடங்கள் வேலையை வேலையாகச் செய்துகொண்டிருந்தேன். அப்புறம் ஒரு வழக்கம் வந்துவிட்டது. அழிப்பதற்கு முன்னால், இது யார் கை என்று கேட்டுவிடுவேன். மகள் கை, தங்கச்சி கை என்று சொல்வார்கள். சொல்லும்போதே சிலருக்கு அழுகை வந்துவிடும். கேட்காமல் அழிக்க எனக்கு மனம் வருவதில்லை.

சரி, அந்தப் பன்னிரண்டு பேருக்கு வருகிறேன். மன்றத்தில் எழுதிக் கொடுத்த தாளில் கலைஞர் கருணாநிதி, வாஜ்பாய், ஸ்ரீதேவி, ஸ்டீபன் ஹாக்கிங், வி.எஸ். நைபால், கோபி அன்னான் எல்லாரும் இருந்தார்கள். கீழே வேறு பேனாவில், பின்னால் யோசித்துச் சேர்த்ததுபோல, ந. முத்துசாமி, ஐராவதம் மகாதேவன், நெல் ஜெயராமன். யார் எந்த அளவு என்பதும் தாளிலேயே இருந்தது. நடுவில் கலைஞர், மூன்றடி. பக்கத்தில் வாஜ்பாய், இரண்டடி. அடுத்த வரிசை ஒன்றரை. கடைசி வரிசை ஓரடிக்கும் கம்மி. கடைசி வரிசைக்காரர்கள் அந்த மூன்று பேரும்தான்.

அதில் தப்பு என்று அன்று எனக்குத் தோன்றவில்லை. எங்கள் தொழிலே அதுதானே. கட்சி போஸ்டரில் மாவட்டம் எத்தனை இன்ச், வட்டம் எத்தனை இன்ச் என்று ஸ்கேல் வைத்து அளந்து பார்ப்பவர்களுக்கு வேலை செய்து பழகியவன் நான். ஆனால் புரூஃப் காட்டப் போனபோது ஒரு பெரியவர் கடைசி வரிசையில் விரல் வைத்து, “மகாதேவன்னா யாரு? மியூசிக் டைரக்டரா? அவர் போய் ரொம்ப நாளாச்சே” என்றார். இன்னொருவர் ஜெயராமன் படத்தைப் பார்த்து, “இவரை எடுத்துட்டு அந்த இடத்துல வேற யாராவது போடலாமா?” என்றார். அவர்கள் கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. தெரியவில்லை, அவ்வளவுதான். எனக்குத்தான் சட்டென்று என்னவோ செய்தது. “இல்லைங்க, இருக்கட்டும்” என்று மட்டும் சொல்லிவிட்டு வந்துவிட்டேன். வண்டியில் வரும்போதெல்லாம், ஏன் வாயைத் திறந்து நாலு வார்த்தை சொல்லவில்லை என்று இருந்தது.

ஆகஸ்ட் 7 இரவு

பெரிய படத்தைப் பற்றி எனக்குக் குறை எதுவும் கிடையாது, அதை முதலில் சொல்லிவிட வேண்டும். ஆகஸ்ட் 7 செவ்வாய்க்கிழமை மாலை ஆறு பத்துக்குக் கலைஞர் உயிர் பிரிந்தது. செய்தி வெளியான கொஞ்ச நேரத்தில் திருச்சி முழுக்க ஷட்டர் இறங்கிவிட்டது. நாங்களும் இறக்கிவிட்டு உள்ளே விளக்குப் போட்டு உட்கார்ந்தோம். விடிய விடிய போஸ்டர். அவர் தன் கல்லறைக்கென்று சொல்லிவைத்திருந்த ‘ஓய்வெடுக்காமல் உழைத்தவன் இதோ ஓய்வு கொண்டிருக்கிறான்’ என்ற வரியை அன்று இரவு எத்தனை முறை அடித்தேன் என்று கணக்கில்லை. மெரினாவில் இடம் உண்டா இல்லையா என்று இரவு தொடங்கிய வழக்கு மறுநாள் காலைவரை போனது. டிவியை ஓடவிட்டு, ஒரு கண் அதிலும் ஒரு கண் ஸ்கிரீனிலுமாக வேலை பார்த்தோம். அண்ணா நினைவிடத்துக்குப் பக்கத்திலேயே இடம் என்று தீர்ப்பு வந்தபோது, ஷட்டருக்கு வெளியே போஸ்டருக்காகக் காத்திருந்த ஓர் ஐம்பது வயதுக்காரர் அப்படியே படியில் உட்கார்ந்து அழுதார். கையில் பசை வாளி.

அன்று காலையிலேயே அம்மாவுக்கு போன் செய்தேன். மன்னார்குடியிலிருந்து திருத்துறைப்பூண்டி போகிற வழியில், மெயின் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி எங்கள் ஊர். அம்மாவுக்கு அரசியல் பேசும் பழக்கம் கிடையாது. “பம்பு செட்டுக்குக் கரண்டு காசு கேக்காம ஆக்குன மனுசன்” என்றார். அவ்வளவுதான் சொன்னார். 1989லிருந்து 91வரை இருந்த ஆட்சியில் விவசாயத்துக்கு இலவச மின்சாரம் வந்தது. அதற்கு முன்னால் கரண்ட் பில்லுக்காக அப்பா நெல்லை அறுவடைக்கு முன்பே விலை பேசியதை அம்மா பார்த்திருக்கிறார். எண்பது வருடப் பொதுவாழ்க்கையைப் பற்றி ஆயிரம் பேர் ஆயிரம் விதமாகப் பேசிக்கொண்டிருந்த நாளில், எங்கள் வீட்டில் அவர் ஒரு ஸ்டார்ட்டர் பெட்டியாக இருந்தார். பச்சை பட்டனை அமுக்கினால் தண்ணீர் வரும், அதற்குக் காசு கிடையாது. இதை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஒரு தலைவர் ஒரு வீட்டுக்குள் இதைவிட ஆழமாகப் போக முடியாது என்றுதான் நினைக்கிறேன்.

மீசையும் குகையும்

டிசைனுக்கு உட்கார்ந்தபோது முதலில் எடுத்தது ந. முத்துசாமி படம். அக்டோபர் 24 அன்று மறைந்தார். அந்தப் பெரிய வெள்ளை மீசையைப் பின்னணியிலிருந்து பிரித்தெடுக்க இரண்டு மணி நேரம் ஆனது. முடி வேலைதான் எங்கள் தொழிலில் கஷ்டம், ஒவ்வோர் இழையாக எடுக்க வேண்டும். மாயவரம் பக்கம் புஞ்சை கிராமத்துக்காரர். சென்னைக்குப் போய் 1977ல் கூத்துப்பட்டறையை ஆரம்பித்தவர். புரிசைக் கண்ணப்பத் தம்பிரானின் தெருக்கூத்தைப் பார்த்து, நாடகம் என்றால் இதுதான் என்று ஊருக்குச் சொன்னவர். சினிமாவில் நாம் ரசிக்கிற பசுபதி, கலைராணி, குரு சோமசுந்தரம் எல்லாரும் அந்தப் பட்டறையில் உடம்பைப் பழக்கியவர்கள். அவர் நாடகம் எதையும் நான் மேடையில் பார்த்ததில்லை. அதனால் அவரைப் பற்றி இதற்குமேல் பேச எனக்குத் தகுதியில்லை.

மகாதேவன் விஷயம் வேறு. அவரிடம் எனக்கு நேரடியாகவே ஒரு கடன் உண்டு.

மதுரையில் படித்த காலத்தில், நண்பன் ஒருவன் ஒரு ஞாயிற்றுக்கிழமை அழகர்மலைக்குக் கூப்பிட்டான். கோயிலுக்கு என்று நினைத்துப் போனேன். அவன் பின்பக்கம் கிடாரிப்பட்டிக்குக் கூட்டிப்போய் மலை ஏற்றினான். ஊரில் பஞ்சபாண்டவர் படுக்கை என்பார்கள். பெரிய குகை, தரையில் சமண முனிவர்களுக்காக வெட்டிய கல் படுக்கைகள். அண்ணாந்து பார்த்தால் பாறையில் எழுத்து. வட்டமும் கோடும் சிலுவையுமாக ஏதோ குழந்தை கிறுக்கியதுபோல இருந்தது. நண்பன் கையில் ஒரு நோட்டு வைத்திருந்தான். அதைப் பார்த்துப் படித்தான். உப்பு வணிகன் வியகன். பொன் கொல்வன் ஆதன். கொழு வணிகன் எளசந்தன். படுக்கை வெட்டக் காசு கொடுத்தவர்களின் பெயர்கள். கொழு என்றால் ஏர்க்கலப்பையின் இரும்பு முனை. என் அப்பா வருடா வருடம் ஆடிக்கு முன்னால் பட்டறைக்கு எடுத்துப்போய் அடித்து வாங்கிவரும் அதே கொழு. இரண்டாயிரம் வருடத்துக்கு முன்னால் அதை விற்ற ஒருவர், தன் பங்குக்கு ஒரு படுக்கை வெட்டிக் கொடுத்துவிட்டுப் பெயரைப் பொறிக்கச் சொல்லியிருக்கிறார். அந்தச் சொல்லைக் கேட்டதும் எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. அதுவரை கல்வெட்டு என்றால் ராஜா சமாசாரம் என்றுதான் நினைத்திருந்தேன்.

அந்த எழுத்துகளைத் தமிழ் என்று முதலில் அடையாளம் காட்டியவர் கே.வி. சுப்பிரமணிய ஐயர், 1924ல். அதற்குப் பிறகும் வாசிப்பில் நிறையக் குழப்பம் இருந்தது. ஐ.ஏ.எஸ். வேலையில் இருந்துகொண்டே, 1960களில் குகை குகையாக ஏறி, ஒவ்வோர் எழுத்தாகத் திரும்பப் படியெடுத்து, அந்தக் காலத்தில் மெய்யை எப்படி எழுதினார்கள், உயிர்மெய்யை எப்படிக் காட்டினார்கள் என்று ஒழுங்கு கண்டுபிடித்தவர் மகாதேவன். மாங்குளத்தில் நெடுஞ்செழியன் பெயரைப் படித்தார். கரூர்ப் பக்கம் புகழூர் ஆறுநாட்டார் மலையில் சேர அரசர் மூன்று தலைமுறையைப் படித்தார். இளங்கடுங்கோ இளவரசன் ஆனபோது ‘அறுத்த கல்’ என்று அந்தக் கல்வெட்டு முடியும். சங்கப் பாட்டில் மட்டும் இருந்த பெயர்களுக்குக் கல்லில் சாட்சி கிடைத்தது அப்படித்தான். சிந்துவெளி முத்திரைகளில் உள்ள குறிகளைத் தொகுத்து 417 என்று எண்ணிக் காட்டிய நூல் 1977ல் வந்தது. பின்னால் 1990களில், அறுபது வயதைக் கடந்த பிறகு, திரும்பவும் மலை ஏறிப் பழைய வாசிப்புகளைச் சரிபார்த்தார். அந்த உழைப்பெல்லாம் சேர்ந்த பெரிய நூல் 2003ல் வந்தது. நடுவில் 1987லிருந்து 91வரை தினமணி ஆசிரியர். அப்பா படித்த பேப்பர் அது.

நவம்பர் 26 அன்று, 88 வயதில், சென்னையில் மறைந்தார். அந்தச் செய்தி எனக்குத் தெரிந்ததே இரண்டு நாள் கழித்துத்தான். காரணம், நவம்பர் 16.

காற்று அடித்த பிறகு

கஜா புயல் 16ஆம் தேதி விடிவதற்குள் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவில் கரையேறியது. அதைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். நான் பார்த்ததை மட்டும் சொல்கிறேன். 17ஆம் தேதி ஊருக்குப் போனபோது, எங்கள் தெருவைத் தெருக்கோடியில் இருந்தே பார்க்க முடிந்தது. மரங்கள் மறைத்த தெரு அது, ஒரு மரம்கூட நிற்கவில்லை. அம்மா வாசலில் உட்கார்ந்து, விழுந்த தென்னையின் குரும்பைகளைப் பொறுக்கிக் கூடையில் போட்டுக்கொண்டிருந்தார். எதற்கு என்று கேட்டேன். “சும்மா இருக்க முடியலப்பா” என்றார். போஸ்ட் எல்லாம் மடங்கிக் கிடந்தது. எங்கள் தெருவுக்குக் கரண்ட் வர ஒரு மாதத்துக்கு மேல் ஆனது. ஸ்டார்ட்டர் பெட்டி சுவரோடு விழுந்திருந்தது.

வயலில் ஒரு மா அளவுக்கு, அதாவது ஏக்கரில் மூன்றில் ஒரு பங்கு, அம்மா மாப்பிள்ளைச் சம்பா நெல் போட்டிருந்தார். மற்றதெல்லாம் வழக்கமான ரகம்தான். இந்த ஒரு மா மட்டும் தனி. அந்த வருடக் கோடையில் நெல் திருவிழாவுக்குப் போய், இரண்டு கிலோ விதை வாங்கி வந்திருந்தார். நாற்றங்கால் விட்டு ஒற்றை நாற்றாக நட்டது. உயரமாக வளர்கிற பயிர், காற்றுக்குச் சுத்தமாகப் படுத்துவிட்டது. யாரோ பாய் விரித்ததுபோல ஒரே திசையில் கிடந்தது. “இது எந்திரிச்சிடும், இன்னும் கதிர் வாங்கல” என்றார் அம்மா. எனக்கு நம்பிக்கை இல்லை.

அந்தத் திருவிழாவை நடத்தியவர்தான் நெல் ஜெயராமன். திருத்துறைப்பூண்டிப் பக்கம் கட்டிமேடு. இயற்கை விவசாயம் பேசிய நம்மாழ்வார் ஐயாவோடு சேர்ந்து நடந்தவர், ‘நெல்’ என்ற அடைமொழியே ஐயா கொடுத்ததுதான். ஊர் ஊராகப் போய், எந்தக் கிழவர் வீட்டுக் குதிரிலாவது, எந்த மூலை வயலிலாவது பழைய நெல் ஒரு பிடி இருக்கிறதா என்று கேட்டு வாங்கிவந்தார். காட்டுயானம், கருங்குறுவை, பூங்கார், கவுனி, குடவாழை, குழியடிச்சான், கிச்சிலிச் சம்பா. அப்படிச் சேர்த்தது 170 ரகத்துக்கும் மேல். 2006லிருந்து ஆதிரெங்கத்தில் வருடா வருடம் நெல் திருவிழா நடத்தினார். ஏற்பாடு ரொம்ப எளிது. இரண்டு கிலோ விதை வாங்கிக்கொள், காசு வேண்டாம். அடுத்த வருடம் நாலு கிலோவாகத் திருப்பிக் கொடு. அந்த நாலு கிலோ இரண்டு பேருக்குப் போகும். அவர்கள் எட்டாகக் கொண்டுவருவார்கள்.

இதில் எனக்குப் பிடித்தது ஒன்று உண்டு. விதையைக் கண்ணாடிக் குடுவையில் அடைத்து, லேபிள் ஒட்டி, குளிர் அறையில் வைப்பதும் பாதுகாப்புதான், அதற்கும் தேவை இருக்கிறது. ஆனால் நெல்லின் முளைப்புத் திறன் சாதாரண வீட்டில் ஒன்றிரண்டு வருடத்துக்கு மேல் தாங்காது. வருடா வருடம் மண்ணில் போட்டு எடுத்தால்தான் ரகம் நிற்கும். 170 ரகத்தை ஒரு மனிதர் தன் வயலில் மட்டும் போட்டு எடுக்க முடியாது. அதனால் ஆயிரக்கணக்கான வீடுகளிடம் கடன் கொடுத்து வைத்தார். அந்த வருடம் நாற்று விட்ட வீடுகளில் எங்கள் வீடும் ஒன்று.

டிசம்பர் 6 வியாழக்கிழமை விடிகாலையில் அவர் போய்விட்டார். புற்றுநோய். வயது ஐம்பதுதான். அவர் பாடுபட்ட மண் கஜாவில் குப்புற விழுந்து கிடக்கும்போது, சென்னையில் ஓர் ஆஸ்பத்திரிக் கட்டிலில்.

அம்மா கேட்டது

ஃப்ளெக்ஸுக்கு அவர் படம் வேண்டியிருந்தது. வாட்ஸ்அப்பில் சுற்றிய ஒன்றுதான் கிடைத்தது. நெற்கதிர்க் கட்டோடு சிரித்தபடி நிற்கிறார். பெரிது பண்ணினால் உடைகிறது, ஓரடிக்கு மேல் தாங்காது. அதோடு, அந்தக் கதிர்க் கட்டை அவர் மட்டும் பிடித்திருக்கவில்லை. பக்கத்திலிருந்து இன்னொரு கையும் பிடித்திருக்கிறது. நரம்பு புடைத்த, நகத்தில் மண் இருக்கும் ஒரு கை. ஆள் ஃபிரேமுக்கு வெளியே. கட் பண்ண வேண்டும். யார் கை என்று கேட்க அங்கே யாரும் இல்லை.

21ஆம் தேதி வெள்ளிக்கிழமை, லே-அவுட் முடிகிற நேரத்தில் செய்தி வந்தது, எழுத்தாளர் பிரபஞ்சன் காலமானார் என்று. ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பு இருக்கிறதே, அதற்குள்ளிருந்து பதினெட்டாம் நூற்றாண்டுப் புதுச்சேரியையே எழுப்பி நிறுத்தியவர். புதுவை அரசு மரியாதையோடு அவரை அனுப்பிவைத்தது. மன்றத்திலிருந்து போன் வந்தது, “அவரையும் சேர்த்துடுங்க, கடைசி வரிசையைக் கொஞ்சம் நெருக்கிக்கிட்டாப் போதும்.” நெருக்கினேன். முத்துசாமியின் மீசை மகாதேவன் தோளைத் தொட்டது. ஜெயராமன் இன்னும் ஓர் அங்குலம் சுருங்கினார்.

அன்று இரவு அம்மா போன் பண்ணினார். யார் வீட்டு ஜெனரேட்டரிலோ சார்ஜ் போட்டிருந்தார், பின்னால் டுபுடுபு என்று சத்தம். சாப்பிட்டாயா, பிள்ளைகள் எப்படி என்று கேட்டுவிட்டு, என்ன வேலை ஓடுகிறது என்றார். இந்த மாதிரி ஃப்ளெக்ஸ், அதில் நம்ம நெல் ஜெயராமன் படமும் போடுகிறேன் என்றேன். அவருக்குச் சந்தோஷமாக இருக்கும் என்று நினைத்துத்தான் சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. அப்புறம் கேட்டார்:

“ஏம்ப்பா, அந்தத் தம்பிக்கு நாலு கிலோ கொடுக்கணுமே. இனிமே யார்கிட்டக் கொடுக்கிறது?”

எனக்குப் பதில் தெரியவில்லை. அவரே தொடர்ந்தார். “பயிர் நிமிந்துடுச்சு. நுனியெல்லாம் தலை தூக்கிருச்சு. தை கடைசிக்குள்ள அறுத்துடலாம். வெதைக்கு நல்லதா தனியா எடுத்து வச்சிடுறேன். நீ விசாரிச்சுச் சொல்லு.”

போனை வைத்துவிட்டு ஸ்கிரீனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். தோற்றம், மறைவு. நடுவில் ஒரு கோடு. இந்த இரண்டு சொல்லுக்கும் நடுவில் ஒரு மனிதரைப் பூட்டிக் கொடுப்பதுதான் இத்தனை வருடமாக என் வேலை. மறைவுக்குப் பிறகு ஒரு முற்றுப்புள்ளி வைப்போம், பழைய வழக்கம். அம்மாவின் கணக்கில் அந்தப் புள்ளி இல்லை. அவர் வாங்கியிருக்கிறார், கொடுக்க வேண்டும். கொடுக்கும்வரை அந்தத் தம்பியோடு கணக்கு முடியாது. துக்கம் என்பது அவருக்கு ஒரு வேலையாக இருந்தது. தண்ணீர் பாய்ச்ச வேண்டும், கலவன் பிடுங்க வேண்டும், எலி பார்க்க வேண்டும்.

அதுவரை என் மனதில் ஓடியதெல்லாம் அளவுச் சண்டைதான். எல்லாரையும் ஒரே அளவில் போட்டால் சரியாகிவிடும் என்று நினைத்திருந்தேன். மன்றத்தில் போய்ப் பேசக்கூட மனதுக்குள் வாக்கியங்கள் தயார் செய்து வைத்திருந்தேன். அந்த போனுக்குப் பிறகு அது விட்டுப்போனது. பெரிய படத்தில் இருப்பவரிடம் எங்கள் வீடு வாங்கியதும் ஒன்று உண்டு, கடைசி வரிசைக்காரரிடம் வாங்கியதும் ஒன்று உண்டு. ஒரே வருடத்தில் போனார்கள் என்பதற்காக அவர்களை ஒரே கயிற்றில் கோக்கிறோம். தேதி அவர்களைச் சேர்க்கவில்லை. கலைஞர் பிறந்த திருக்குவளை, புஞ்சை, கட்டிமேடு, இந்த மூன்று ஊரையும் அரைநாள் பஸ்ஸில் பார்த்துவிடலாம், மூன்றும் காவிரித் தண்ணீர் குடித்த ஊர்கள். அந்த உறவுகூட அந்த ஃப்ளெக்ஸில் தெரியாது. அதில் தெரிவது மறைந்த தேதி ஒன்றுதான். யார் எவரிடம் எதை வாங்கினார்கள், அது இப்போது யார் கையில் இருக்கிறது என்று கேட்க அதில் ஓர் இடமே இல்லை.

நானும் அன்றிரவுதான் என்னைக் கேட்டுக்கொண்டேன், மகாதேவனிடம் வாங்கியதை என்ன செய்தேன் என்று. கிடாரிப்பட்டியில் அந்தப் பெயர்களைக் கேட்டு மயிர்க்கூச்செறிந்தவன், அதற்குப் பிறகு ஒருவரையாவது அந்த மலைக்குக் கூட்டிப்போயிருக்கிறேனா? அந்தப் பெரியவர் மியூசிக் டைரக்டரா என்று கேட்டபோது, கொழு வணிகன் எளசந்தன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும், அவரும் விவசாயக் குடும்பம்தான். சொல்லாமல் வந்தேன். என்னால் ஆறாமல் போனது அதுதான்.

ஜெயராமன் படத்தில் அந்த இன்னொரு கையை அழிக்கவில்லை. அப்படியே விட்டு, கதிரோடு சேர்த்துக் கட் பண்ணினேன். பத்தடி ஃப்ளெக்ஸில் ஒரு மூலையில் அது யார் கண்ணிலும் படவில்லை. 30ஆம் தேதி கூட்டம் நல்லபடியாக நடந்தது. கூட்டம் நடந்த அதே நாளில் கொல்கத்தாவில் சினிமா இயக்குநர் மிருணாள் சென் காலமானார். ஃப்ளெக்ஸ் அதற்குள் கட்டியாகிவிட்டது.

கூட்டம் முடிந்து ஆட்கள் கலைகிற நேரத்தில் அந்தப் பெரியவரைத் தேடிப் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். குகையைப் பற்றிச் சொன்னேன். கொழு என்றதும், “நம்ம கொழுவா?” என்றார். ஆமாம் என்றேன். ஃப்ளெக்ஸைத் திரும்பிப் பார்த்து, “அதைப் படிச்சவரா இவரு” என்று கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

முறமும் நோட்டும்

தை கடைசியில் ஊருக்குப் போனேன். மற்ற வயலுக்கெல்லாம் மெஷின் வந்திருந்தது. ஒரு மா மாப்பிள்ளைச் சம்பாவை மட்டும் கையால் அறுத்தார்கள். மெஷின் பெட்டிக்குள் பழைய வயல் நெல் ஒட்டியிருக்கும், கலந்துவிடும் என்று அம்மா சம்மதிக்கவில்லை. வீட்டு வாசலில் தார்ப்பாய் விரித்து, பழைய கட்டிலைச் சாய்த்துவைத்து அதில் கட்டுக் கட்டாக அடித்தார்கள். அடித்ததில் முதலில் உதிர்ந்ததை மட்டும் அம்மா தனியாகக் கூட்டி ஒதுக்கினார். முதல் அடியில் கொட்டுவதுதான் முற்றிய மணி, விதைக்கு ஆகும். சாயங்காலக் காற்றில் முறத்தால் தூற்றினார். பதர் பறந்து தெருப்பக்கம் போனது, மணி காலடியில் நின்றது. ஒரு மணியை எடுத்து உமி உரித்து என் உள்ளங்கையில் வைத்தார். செங்கல் நிறம். “பாரு, கலப்பே இல்ல” என்றார்.

மூன்று நாள் வெயில். காலை வெயிலும் மாலை வெயிலும் மட்டும், உச்சியில் எடுத்துவிட வேண்டும். அப்புறம் நொச்சி இலை போட்டுச் சாக்கில் கட்டி, பரண் இல்லாததால் சாமி அறையில் ஒரு பெஞ்சின்மேல் வைத்தார்.

விசாரித்ததில், திருவிழா நிற்காது, அவரோடு இருந்தவர்கள் நடத்துகிறார்கள் என்று தெரிந்தது. 2019 கோடையில் அம்மாவைத் திருத்துறைப்பூண்டிக்கு நானே கூட்டிப்போனேன். நல்ல கூட்டம். வாசலில் மாலை போட்டு அவர் படம் இருந்தது. அம்மா செருப்பைக் கழற்றிவிட்டு ஒரு நிமிடம் நின்றார். கும்பிடுவார் என்று நினைத்தேன். மஞ்சள் பையை இரண்டு கையாலும் பிடித்திருந்ததால் கும்பிடவில்லை.

உள்ளே மேஜை போட்டு ஒரு பையன் நோட்டில் எழுதிக்கொண்டிருந்தான். பெயர், ஊர், ரகம், எடை. பையைத் தராசில் வைத்தான். நாலு கிலோ இருநூறு. “நாலு போதும்மா” என்று கூடுதலை எடுக்கப் போனான். “இருக்கட்டும்ப்பா, எலி தின்னது போக” என்றார் அம்மா. அவன் நாலு கிலோ என்று எழுதி, அம்மா பெயருக்கு நேராக ஒரு டிக் போட்டான். அந்தப் பக்கம் முழுக்கப் பெயர்கள். எல்லாம் ஒரே அளவு எழுத்து, நீல மை. முகம் தூக்கி, “இந்த வருசம் என்ன வேணும்மா?” என்றான்.

அம்மா என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. ஏற்கெனவே யோசித்து வந்திருக்க வேண்டும்.

“பூங்கார் இருக்கா? ரெண்டு கிலோ.”